எட்டயபுரம் காத்த இசைக் கருவூலம்

நம் கடையநல்லூரிலிருந்து சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வழியாகச் சென்றால் எட்டயபுரத்தை அடையலாம். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்தான். எட்டயபுரம் என்றதும் மாணவ நண்பர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் மகாகவி பாரதியார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அவ்வூரிலேதான். கட்டபொம்மன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு எட்டயபுர அரசைப் பற்றி வேறொரு நினைவும் உண்டு. அந்த வழக்கை வரலாற்றுத் துறையினரிடம் விட்டுவிடுகிறேன். அதே அரசு தமிழகத்தின் இசைக்குச் செய்த பணி தனிக் கணக்கு. அந்தக் கணக்கைத் தம் கையாலேயே எழுதி முடித்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பெயர் சுப்பராம தீட்சிதர். 1839-ஆம் ஆண்டில் பிறந்து, 1906-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இசை தெரிந்தவர்கள் இப்பெயரைக் கேட்டதும் தலை வணங்குவார்கள். நம்மைப் போன்ற பிறருக்கோ இவர் பெயர்கூடத் தெரியாது. எனக்கும் சென்ற ஆண்டு வரை தெரியாது. ஆனால் இவர் செய்த காரியம் இசை வாணர்களுக்கு மட்டும் உரியதன்று. கற்க விரும்பும் எவருக்கும் உரியது. அதனாலேயே அறிவியல் மாணவனாகிய நான் இதை எழுதத் துணிந்தேன்.

அரண்மனைக் கூடமும் வீணையும்

இன்றைய இசை அரங்கில் ஆயிரம் பேர் அமர்கிறார்கள். ஒலிபெருக்கி இருக்கிறது. பாடுபவர் மெல்ல முணுமுணுத்தாலும் கடைசி வரிசைவரை கேட்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. கோயில் திருவிழாவில் நாகசுவரம் ஊர் முழுவதும் முழங்கும். ஆனால் வீணை அப்படிப்பட்ட கருவியன்று. அதன் ஒலி மென்மையானது. நாலு சுவருக்குள், பேச்சடங்கிய ஒரு கூடத்தில், அருகில் அமர்ந்து கேட்டால்தான் அதன் நுட்பம் தெரியும். கம்பியை விரல் இழுத்து விடும்போது பிறக்கும் அசைவை உணர அந்த நெருக்கம் வேண்டும்.

அந்நாளில் அப்படிப்பட்ட கூடங்கள் இருந்த இடங்கள் அரண்மனைகளும் பெருஞ்செல்வர் வீடுகளுமே. தஞ்சாவூர், திருவனந்தபுரம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் போன்ற அரண்மனைகள் வித்துவான்களை ஆதரித்தன. எட்டயபுரமும் அவ்வாறே ஆதரித்தது. கேட்பவர் சிலர்; அவர்களும் நன்றாகத் தெரிந்தவர்கள். அரசர், அவருடைய சுற்றத்தார், புலவர்கள், பிற வித்துவான்கள் ஆகியோர் அமர்ந்த அந்தச் சிறு சபையிலே தவறு செய்தால் மறைக்க முடியாது. சிறப்பாகச் செய்தால் அதைக் கண்டுகொள்ள ஆள் உண்டு.

அந்த இசைக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஒரு குறையும் இருந்தது. நுட்பம் குன்றாமல் காக்கப்பட்டது பெருமை. கூடத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு அது எட்டாமலே போனது குறை. அந்தக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டவர் என்று சுப்பராம தீட்சிதரைச் சொன்னால் மிகையாகாது.

தீட்சிதர் குடும்பம்

இவர் வாழ்க்கையைச் சொல்வதற்கு முன் இவர் குடும்பத்தைச் சொல்லியாக வேண்டும். கருநாடக இசையின் மும்மூர்த்திகள் என்று தியாகராசர், சியாமா சாஸ்திரிகள், முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரையும் போற்றுகிறோம். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். அவர்களுள் முத்துசாமி தீட்சிதர் 1775-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை இராமசாமி தீட்சிதர் பெரும் வித்துவான். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்து, 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்னும் இசை இலக்கண நூலை இயற்றியவர் வேங்கடமகி. அவருடைய வழிமுறையைக் கற்ற குடும்பம் இது.

முத்துசாமி தீட்சிதருக்குத் தம்பியர் இருவர். சின்னசாமி தீட்சிதர் 1823-இல் காலமானார். இளையவர் பாலுசாமி தீட்சிதர். இவர் சென்னையிலே மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் வாசிக்கக் கற்றார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை நாம் நினைத்தும் பார்க்க முடியாது. அந்த அயல்நாட்டுக் கருவியை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடியாக அறிஞர்கள் பாலுசாமி தீட்சிதரைக் குறிப்பிடுவர். அவரே பிறகு எட்டயபுரம் அரண்மனையின் ஆஸ்தான வித்துவான் ஆனார்.

தம்பியைக் காண எட்டயபுரம் வந்த முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தை அங்கேயே கழித்தார். எட்டயபுர அரசர்களின் வழிபடு தெய்வமான கழுகுமலை முருகன்மீது வடமொழியில் கீர்த்தனை பாடினார். (நம் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் அதே முருகன்மீது தமிழில் காவடிச் சிந்து பாடினார் என்பதை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.) 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளன்று, மாணவர்கள் மதுரை மீனாட்சிமீது அவர் இயற்றிய கீர்த்தனையை அருகிருந்து பாடிக்கொண்டிருக்க, அதைக் கேட்டபடியே அவர் உயிர் பிரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எட்டயபுரத்தில் அவர் நினைவிடம் இன்றும் உள்ளது.

ஒரு முதியவரும் ஒரு சிறுவனும்

முத்துசாமி தீட்சிதர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1839-இல், திருவாரூரில் சுப்பராம தீட்சிதர் பிறந்தார். பாலுசாமி தீட்சிதரின் மகள் அன்னபூரணியின் மைந்தர் இவர். ஆண் வாரிசு இல்லாத பாலுசாமி தீட்சிதர் தம் மகள் வயிற்றுப் பேரனையே மகனாகச் சுவீகாரம் செய்துகொண்டார். ஆகவே முத்துசாமி தீட்சிதருக்கு இவர் உறவு முறையில் தம்பியின் பேரர். சுவீகாரத்தால் தம்பியின் மகன்.

நண்பர்கள் இங்கே ஒரு கணம் நின்று ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். முத்துசாமி தீட்சிதரைச் சுப்பராம தீட்சிதர் கண்ணால் கண்டதில்லை. பாலுசாமி தீட்சிதர் மறைந்தது 1859-இல். அப்போது சுப்பராம தீட்சிதருக்கு வயது இருபது. முத்துசாமி தீட்சிதருக்கு வேறு சீடர்களும் இருந்தார்கள். நாட்டிய இசைக்குப் புத்துயிர் தந்த தஞ்சை நால்வர் அவர்களுள் சிறந்தவர்கள். ஆயினும் அவருடைய குடும்ப வித்தை முழுவதும் ஒரு முதியவர் நெஞ்சிலிருந்து ஒரு சிறுவன் நெஞ்சுக்கு அந்த இருபது ஆண்டுகளுக்குள் கை மாறியாக வேண்டியிருந்தது. அச்சில் எதுவும் இல்லை. ஒலிப்பதிவு என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்ததே 1877-இல்தான். அந்தச் சிறுவனுக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது நமக்கே நெஞ்சு நடுங்குகிறது.

சிறுவன் நன்றாகக் கற்றான். வீணையும் வாய்ப்பாட்டும் இராக இலக்கணமும் பாட்டனாரிடமே பயின்றான். வடமொழியும் தெலுங்கும் கற்றான். பாடல் இயற்றும் ஆற்றலும் கைவந்தது.

அரசர் வைத்த தேர்வு

பதினேழாம் வயதில் சுப்பராமர் தர்பார் இராகத்தில் ஒரு தான வர்ணம் இயற்றி அரசர் முன்னிலையில் பாடினார். அதன் தரம் அரசருக்கு வியப்பைத் தந்தது. கூடவே ஐயத்தையும் தந்தது. இத்தனை சிறு பிள்ளை இதை இயற்றியிருக்க முடியுமா? பாட்டனார் பின்னாலிருந்து உதவியிருப்பாரோ?

அந்த அரசர் இசை அறிந்தவர். ஆகவே ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளச் சரியான வழியைத் தேர்ந்தெடுத்தார். யமுனா என்னும் இராகத்தில் ஒரு ஜதிஸ்வரம் இயற்ற வேண்டும் என்றார். அது எப்படித் தொடங்க வேண்டும், எப்படி அமைய வேண்டும் என்ற நிபந்தனைகளையும் தாமே விதித்தார். நம் தேர்வுக் கூடத்திலும் மனப்பாடம் செய்தவனையும் புரிந்து படித்தவனையும் பிரித்தறிய ஆசிரியர் எண்களை மாற்றித்தானே கணக்குக் கொடுக்கிறார்! சுப்பராமர் நிபந்தனைக்குள் நின்று இயற்றிக் காட்டினார். அரசர் மனமகிழ்ந்து பரிசளித்தார். 1858-ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதிலேயே, அவர் எட்டயபுர ஆஸ்தான வித்துவான் ஆனார். அடுத்த ஆண்டு பாலுசாமி தீட்சிதர் மறைந்தார்.

அதன் பின் நாற்பது ஆண்டுகள் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலே வித்துவானாக வாழ்ந்தார். வர்ணங்கள், கீர்த்தனங்கள், இராகமாலிகைகள் இயற்றினார். சங்கராபரண இராகத்தில் ஆதிசங்கரர்மீது அமைந்த அவருடைய கீர்த்தனை இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது. மகன் அம்பி தீட்சிதருக்கும் வித்தையைக் கற்பித்தார். இவ்வளவோடு அவர் வாழ்க்கை முடிந்திருந்தாலும் நல்ல வித்துவான் என்ற பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அவருடைய பெரும்பணி அறுபது வயதுக்குப் பிறகே தொடங்கியது.

சின்னசாமி முதலியாரின் வேண்டுகோள்

சென்னைத் தலைமைச் செயலகத்திலே அலுவல் பார்த்தவர் அ. மு. சின்னசாமி முதலியார். எம்.ஏ. பட்டம் பெற்றவர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். மேலைநாட்டு இசையும் அறிந்தவர். மேலை இசை மேதைகளின் படைப்புகள் அச்சிலே ஏறி உலகம் முழுவதும் பரவியிருக்க, நம் இசை மட்டும் வாய்மொழியிலே தங்கித் தேய்வதை எண்ணி அவர் வருந்தினார். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறிகளில் எழுதி, 1890-களின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். தியாகராசர் கீர்த்தனைகளை வாலாஜாப்பேட்டைச் சீடர் வழியினரிடம் பெற்றார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளுக்கு எங்கே போவது? எட்டயபுரத்துக்குத்தான் போக வேண்டும் என்று தெரிந்தது. இருவரும் தொடர்பு கொண்டனர், சேர்ந்தும் உழைத்தனர். ஆயினும் முதலியாரின் பெருந்திட்டம் நிறைவேறவில்லை.

1899-ஆம் ஆண்டில் எட்டயபுர அரசரின் பட்டாபிஷேக விழா நடைபெற்றது. அதற்கு வந்த சின்னசாமி முதலியார் அரசரிடம் தமக்காக எதுவும் கேட்கவில்லை. சுப்பராம தீட்சிதரிடம் உள்ள வித்தை அவரோடு போய்விடக் கூடாது. அதை நூலாக எழுதி வெளியிடச் செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அரசர் இசைந்தார். அரண்மனைச் செலவிலேயே அச்சிடவும் ஏற்பாடு செய்தார்.

நண்பர்களே! இந்த இடத்தில் சுப்பராம தீட்சிதரின் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்து வித்துவானுக்கு நிலபுலம் என்று பெரிதாக இராது. அவருடைய சொத்து அவர் கற்ற பாடமே. ஓர் அரிய கீர்த்தனை தம்மிடம் மட்டுமே இருக்கிறது என்பதுதான் அவருக்கு மதிப்பு. அவர் மகனுக்கும் அதுவே முதல். அதை எழுதி அச்சிட்டுக் கடையிலே வைத்தால், நாளை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பாடலாம். குடும்பத்து நகைப் பெட்டியைத் தெருவிலே திறந்து வைப்பது போன்ற செயல் அது. சுவடியைக் கறையான் தின்றாலும் தின்னட்டும், அயலார் கையில் போகக் கூடாது என்று பூட்டி வைத்த வீடுகள் நம் நாட்டில் எத்தனையோ! உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த காலமும் அதுவே. சுப்பராம தீட்சிதரோ தம் அறுபதாம் வயதில் பெட்டியைத் திறக்க உடன்பட்டார்.

எழுத்தில் அடங்காததை எழுதியவர்

உடன்பட்டது முதல் படி. எழுதுவது எப்படி என்பது அதைவிடப் பெரிய வினா.

ச ரி க ம ப த நி என்ற ஏழு எழுத்துகள் நம்மிடம் முன்பே உண்டு. அவற்றைக்கொண்டு பாட்டின் எலும்புக்கூட்டை எழுதிவிடலாம். ஆனால் நம் இசையில் ஒரு சுரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அது அசைகிறது, வழுக்குகிறது, பக்கத்துச் சுரத்தைத் தொட்டு மீள்கிறது. இந்த அசைவுகளுக்குக் கமகம் என்று பெயர். இயற்பியல் மாணவர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், சுரத்தை மட்டும் எழுதுவது வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்துவிட்டு அவற்றை இணைக்கும் வளைகோட்டை வரையாமல் விடுவதற்கு ஒப்பாகும். இராகத்தின் உயிர் அந்த வளைகோட்டில்தான் இருக்கிறது.

சுப்பராம தீட்சிதர் அந்த வளைகோட்டையும் எழுதினார். கமகங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி அமைத்து, சுர எழுத்தின் மேல் இட்டார். அசைந்து நடுங்கும் கம்பிதத்துக்கு அலைபோன்ற கோடு. மேலேறும் ஏற்ற ஜாருவுக்கும் கீழிறங்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள். இன்னும் நொக்கு, ரவை, ஒதுக்கல், ஒரிகை, கண்டிப்பு என்பவற்றுக்கும் தனித்தனிக் குறிகள். ஏற்றம், இறக்கம், ஒதுக்கல் முதலிய சொற்களைப் பாருங்கள். நூல் தெலுங்கில் எழுதப்பட்டது. அந்நாளில் தென்னாட்டு இசையுலகின் பொதுமொழியாகத் தெலுங்கே விளங்கியது. ஆனால் வீணை வாசிப்பவரின் விரல் அசைவுக்குப் பெயர் தேவைப்பட்டபோது தமிழ்ச் சொற்களே முன்வந்து நின்றன.

எழுதியதை அச்சிடுவதும் எளிதாக இருக்கவில்லை. ஈயத்தாலான அச்செழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்த காலம் அது. ஒவ்வொரு சுரத்தின் மேலும் கீழும் புள்ளியும் கோடும் குறியும் வரிசை பிசகாமல் அமைய வேண்டும். ஒரு குறி மாறினால் இராகமே கெட்டுவிடும். கோடுகள் நிறைந்த சமன்பாடுகளைப் பிழையின்றி அச்சிடுவது எத்தனை கடினம் என்று நம் கணிதத் துறைப் பேராசிரியர்கள் சொல்வார்கள். எட்டயபுரத்திலிருந்த வித்யா விலாசினி அச்சகத்தில் அந்த வேலை நடந்தது. பெருநகரில் அன்று, கரிசல் காட்டு நடுவே, மண் பறக்கும் ஒரு சிற்றூரில்!

1904-ஆம் ஆண்டில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் அந்த நூல் நிறைவுற்று வெளிவந்தது. ஏறத்தாழ 1700 பக்கங்கள். ஆசிரியருக்கு அப்போது வயது 65.

நூலில் உள்ளவை

வேங்கடமகியின் முறைப்படி 72 மேளங்களையும் அடிப்படையாகக் கொண்டு அமைந்த நூல் இது. 72 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இசை அறியாத நண்பர்கள் கேட்கலாம். கணக்கு எளிது. ரி, க என்னும் சுரங்களைச் சேர்த்து எடுக்கக்கூடிய வகைகள் 6. த, நி என்பவற்றுக்கும் அவ்வாறே 6. மத்திமம் 2 வகை. ஆறை ஆறால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் 72. நாம் வகுப்பில் படிக்கும் சேர்மானக் கணக்கை 17-ஆம் நூற்றாண்டிலேயே இசையில் பொருத்திக் காட்டியவர் வேங்கடமகி.

ஒவ்வொரு மேளத்தின் கீழும் அதைச் சார்ந்த இராகங்களையும், அவற்றின் இலக்கணத்தையும், அந்த இலக்கணத்துக்குச் சான்றாகும் பாடல்களையும் சுப்பராம தீட்சிதர் தந்தார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229 இதில் இடம்பெற்றுள்ளன. இவற்றுடன் பழைய கீதங்கள், தானங்கள், க்ஷேத்ரக்ஞரின் பதங்கள், இராமசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் முதலியோர் படைப்புகள், தாம் இயற்றியவை ஆகியவற்றையும் சேர்த்தார். இசைவாணர் பலரின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதிய ஒரு பகுதியும் உண்டு. மும்மூர்த்திகள் காலத்து இசை வரலாற்றை எழுதுவோர் இன்றும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களையே. முத்துசாமி தீட்சிதரின் வாழ்க்கையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதிக்கும் அதுவே ஊற்று.

பெரிய நூலோடு அவர் நிற்கவில்லை. 1905-ஆம் ஆண்டில் தொடக்க நிலை மாணவர்களுக்காக 'பிரதமாப்பியாச புஸ்தகம்' என்ற பாடநூலையும் வெளியிட்டார். 1700 பக்க நூல் எழுதிய ஒருவர், அகரம் பயிலும் குழந்தைக்கும் ஒரு நூல் எழுதினார் என்பதில்தான் அவர் மனம் எனக்குத் தெரிகிறது. அந்த நூலை அவர் பண்டிதர்களுக்குக் காட்டுவதற்காக எழுதவில்லை. கற்பவர்களுக்குக் கொடுப்பதற்காகவே எழுதினார்.

பம்பாயிலிருந்து வந்த விருந்தினர்

அந்த 1904-ஆம் ஆண்டிலேயே எட்டயபுரத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். பம்பாய் வழக்கறிஞர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. வடநாட்டு இசைக்கு ஒழுங்கான இலக்கணம் வகுக்க வேண்டும் என்ற ஆவலில் நாடெங்கும் அலைந்தவர். தென்னாட்டுப் பயணத்திலே அவர் எட்டயபுரம் வந்து சுப்பராம தீட்சிதரைக் கண்டார். வேங்கடமகியின் சதுர்தண்டிப் பிரகாசிகைச் சுவடி தீட்சிதர் குடும்பத்திடம் இருந்தது. கேட்டவருக்குத் தீட்சிதர் மறுக்கவில்லை. பாத்கண்டே அதன் படியைப் பெற்றுச் சென்றார். 72 மேளத் திட்டத்தை ஆராய்ந்த அவர், பின்னர் வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்டுகளின் கீழ் வகுத்தார். இன்று வடநாட்டு இசை பயிலும் மாணவர்களுக்கு முதற்பாடம் அதுதான். எட்டயபுரத்து வீட்டில் திறக்கப்பட்ட ஒரு சுவடியின் ஒளி அங்கே வரை சென்றிருக்கிறது.

மறைவும் மறையாதனவும்

1906-ஆம் ஆண்டில் சுப்பராம தீட்சிதர் காலமானார். நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள்! எட்டயபுரத்தில் பிறந்து, அப்போது சென்னையில் இதழாசிரியராக இருந்த பாரதியார் அவருக்காக இரங்கற்பா பாடினார்.

இரண்டு ஆண்டு தாமதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நாற்பது ஆண்டு நினைவில் சுமந்த பாடல்களில் எத்தனை அவரோடு மறைந்திருக்கும்? வழிவழிப் பாடம் முற்றிலும் அழிந்திருக்காது என்பது உண்மையே. மகன் அம்பி தீட்சிதர் இருந்தார். அவர் பிற்காலத்தில் சென்னை சென்று பலருக்குக் கற்பித்தார். உச்சநீதிமன்ற நீதிபதியாக விளங்கிய டி. எல். வெங்கடராம ஐயரும், இசையரசி டி. கே. பட்டம்மாளும் அவரிடம் கீர்த்தனைகளைக் கற்றவர்கள். பெண்கள் மேடையேறிப் பாடுவதையே குறையாகப் பேசிய காலத்தில், பட்டம்மாள் தீட்சிதர் கீர்த்தனைகளைத் துணிந்து பாடி நாடறியச் செய்தார். ஆனால் ஒரு மனிதர் நேரில் எத்தனை பேருக்குக் கற்பிக்க முடியும்? அம்பி தீட்சிதர் 1936-இல் மறைந்தார். நூலோ இன்றும் கற்பித்துக் கொண்டிருக்கிறது. சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் வெளியிட்ட பிறகு, தெலுங்கு அறியாதவர்களும் படிக்கலாயிற்று.

நூல் ஒன்றே போதும் என்று நான் வாதாட வரவில்லை. குறிகளைப் பார்த்து மட்டுமே பாடுபவர் பாட்டைப் பிழையின்றிப் பாடலாம். அதில் உயிர் வரக் குரு வேண்டும். ஆய்வுக்கூடக் கையேட்டைப் படித்தவன் எல்லாம் ஆய்வு செய்துவிட முடியாது என்பது நாமறிந்ததே. நூலின் குறிகளை இன்று எப்படிப் படித்துப் பாடுவது என்பதிலே வித்துவான்களிடையே கருத்து வேறுபாடுகளும் உண்டு. ஆனால் வேறுபடுவதற்கும் வாதிடுவதற்கும் ஓர் ஆவணம் இருக்கிறதே, அதுவே பெரும் பேறு. எழுதப்படாதவற்றைப் பற்றி யாரும் வாதிடக்கூட முடியாது.

நாம் கற்க வேண்டியது

இவர் வாழ்க்கை என் மனத்தைத் தொட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் குலத்திலே சுவடி இல்லை, பெட்டி இல்லை. ஆனால் என் பாட்டியிடம் பாட்டு இருந்தது. கருப்பாநதி பாயும் வயல்களில் நாற்று நடும்போது அவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள் எல்லாரும் வாங்கிப் பாடுவார்களாம். சாவு வீடுகளில் ஒப்பாரிக்கு அவரை ஆள் விட்டு அழைப்பார்களாம். எனக்குத் தாலாட்டாகப் பாடியவற்றில் இரண்டு மூன்று அடிகள் மட்டும் அரைகுறையாக நினைவிருக்கின்றன. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவர் காலமானார். எனக்கு எழுதத் தெரியும். கையில் நோட்டும் பேனாவும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டையாவது எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் இருந்தும், அந்தப் பாட்டு எழுதப்படாமலே போயிற்று.

அரண்மனைப் பாட்டுக்கும் வயல்காட்டுப் பாட்டுக்கும் ஏற்றத்தாழ்வு கற்பிப்பவர்கள் கற்பிக்கட்டும். இரண்டும் ஒரு மனிதரின் நெஞ்சில் மட்டும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே முடிவுதான். எட்டயபுரத்துக்கு ஒரு சின்னசாமி முதலியார் வந்து கேட்டார். அதனால் அந்த இசை பிழைத்தது. பிறப்பால் ஓர் அந்தணர், சமயத்தால் ஒரு கிறிஸ்தவர், ஒரு பாளையத்து அரசர் ஆகிய மூவரும் கூடித்தான் அதைக் காப்பாற்றினார்கள். நம் ஊர்களில் கேட்க வேண்டியவர்கள் நாம்தாம். நெசவுத் தறியில் அமர்ந்து பாடியவர்கள், மீலாது விழாக்களில் பாடியவர்கள், கரகத்துக்கும் கணியானுக்கும் பாடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒவ்வொருவர் பையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. அது ஒலியையும் பதிவு செய்யும். இந்த விடுமுறையில் ஒரு பிற்பகல் நேரம் அவர்களுக்கு ஒதுக்குவோம்.

அறுபது வயதுக்குமேல், கண்ணும் கையும் ஓய்வு தேடும் பருவத்தில், 1700 பக்கம் எழுதித் தம்முடையதெல்லாம் ஊருடையது ஆக்கிய சுப்பராம தீட்சிதருக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு அதுவே ஆகும்.

— இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்